வீட்டை நீட்டிக் கட்டும்போது விட வேண்டிய இடமும் பக்கத்து வீட்டுத் தகராறும்: நெல்லைச் சீமைக்கான கேள்வி பதில்

பக்கத்து வீட்டுக்காரர் என் சுவரை ஒட்டிக் கட்டுகிறார். முதலில் எங்கே போக வேண்டும்?

எங்கே போவது என்பதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் இடத்துக்குள் வந்துவிட்டாரா, அல்லது தன் இடத்துக்குள்ளேயே விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டுகிறாரா? இரண்டும் வேறு வேறு. உங்கள் இடத்துக்குள் வந்திருந்தால் அது எல்லைத் தகராறு. அதைத் தீர்ப்பவர்கள் நில அளவரும் சிவில் நீதிமன்றமும். தன் மனைக்குள் செட்பேக் (எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடம்) விடாமல் கட்டினால் அது கட்டட விதி மீறல். அதைக் கேட்க வேண்டியது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றில் உங்கள் ஊருக்கு உரியதும், நகர் ஊரமைப்புத் துறையும்.

பெரும்பாலான மனுக்கள் திரும்பி வருவது இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதால்தான். "என் இடத்தை ஆக்கிரமித்து, விதியை மீறி, அடாவடியாகக் கட்டுகிறார்" என்று மாநகராட்சியில் கொடுத்தால், "எல்லைப் பிரச்சினை, சிவில் நீதிமன்றத்தை அணுகவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். செட்பேக் மீறல் என்றால் அதை மட்டும் எழுதுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை அடி விட்டிருக்கிறார், எத்தனை அடி விட்டிருக்க வேண்டும். எல்லைத் தகராறும் சேர்ந்தே இருந்தால் இரண்டு மனுவாகப் பிரித்து, இரண்டு இடத்தில் கொடுங்கள்.

எவ்வளவு இடம் விட வேண்டும்?

தமிழ்நாடு முழுவதற்கும் இப்போது நடப்பில் இருப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. பாளையங்கோட்டைக்கு ஒன்று, பத்தமடைக்கு ஒன்று என்று தனித்தனி விதி கிடையாது. முன்பக்க அளவைத் தீர்மானிப்பது எதிரே உள்ள தெருவின் அகலம். பக்கவாட்டு அளவைத் தீர்மானிப்பவை மனையின் அகலமும் கட்டடத்தின் உயரமும்.

9 மீட்டருக்குக் குறைந்த தெருவில் முன்பக்கம் 1.5 மீட்டர், அதாவது 4 அடி 11 அங்குலம். நம் ஊர்த் தெருக்களில் மிகப் பெரும்பாலானவை இதற்குள்தான் வரும். தெரு அகலமாக ஆக முன்பக்கமும் கூடும். சாதாரண தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள வீட்டுக்குப் பக்கவாட்டில் 1 மீட்டர், அதாவது 3 அடி 3½ அங்குலம். அகலம் குறைந்த மனைக்கு ஒரு பக்கம் விட்டால் போதும், அகன்ற மனைக்கு இரண்டு பக்கமும் வேண்டும். உயரம் 7 மீட்டரைத் தாண்டினால் பக்க இடத்தின் அளவும் கூடிவிடும்.

இதோடு தளப்பரப்புக் குறியீடு 2 என்று ஒரு வரம்பு உண்டு. 1200 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 2400 சதுர அடிக்கு மேல் போகக்கூடாது. "2400 அனுமதி இருக்கே, அப்படியானால் 1200 முழுசும் கட்டலாமே" என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. 30க்கு 40 மனையில் இரண்டு பக்கமும் 1 மீட்டரும் முன்னால் 1.5 மீட்டரும் விட்டால் ஒரு தளத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 820 சதுர அடி. இரண்டு தளத்துக்கு 1640. நம் மனைகளில் கையைக் கட்டுவது செட்பேக்தான், தளப்பரப்புக் குறியீடு இல்லை.

உங்கள் வீட்டுக்கு உரிய இறுதி அளவு, அங்கீகரித்த வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவுதான். தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் இடம் விடாமலே கட்ட விதி இடம் கொடுக்கிறது. உங்கள் தெரு அதில் வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தெருவில் எல்லாரும் ஒட்டித்தான் கட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் அனுமதி ஆகாது.

7 மீட்டர் உயரம் என்பது நடைமுறையில் எவ்வளவு?

22 அடி 11½ அங்குலம். தாராளமாகத் தோன்றும், ஆனால் கூட்டிப் பாருங்கள். பேஸ்மட்டம் (தெரு மட்டத்துக்கு மேலே வீட்டுத் தரை வரை எழுப்பும் உயரம்) 2½ அடி. உள்ளுயரம் 10 அடியும் மேலே போடும் காங்கிரீட் 5 அங்குலமுமாக இரண்டு தளம் 20 அடி 10 அங்குலம். மொத்தம் 23 அடி 4 அங்குலம். தாண்டிவிட்டது. உள்ளுயரத்தை 9½ அடியாக்கினால் 22 அடி 4 அங்குலத்தில் அடங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்துக்குப் பிறகு ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்தை 3½ அடிக்கு உயர்த்தக் கேட்கிறார்கள். நியாயமான கவலை. அப்படி உயர்த்தினால் 9½ அடி உள்ளுயரமும் அடங்காது. 9 அடி 3 அங்குலமாக்க வேண்டும்: 3½ அடியோடு 19 அடி 4 அங்குலம் சேர்ந்து 22 அடி 10 அங்குலம். குடியிருக்கும் அறைக்குத் தேவையான 2.75 மீட்டருக்கு இது குறையாது. இந்தக் கூட்டலை வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் கேளுங்கள். தளம் போட்ட பிறகு 4 அங்குலத்தை எங்கே கொண்டுபோய்க் குறைப்பது?

அளவு எங்கிருந்து எங்கே வரை?

எல்லைக் கோட்டிலிருந்து, பூச்சு முடிந்த சுவரின் வெளிமுகம் வரை. இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. கொத்தனார் நூல் கட்டுவது பில்லரின் மையக் கோட்டில். எல்லையிலிருந்து 3 அடி 3½ அங்குலம் அளந்து அந்த நூலைக் கட்டிவிடுவார். 9 அங்குல பில்லரில் பாதி 4½ அங்குலம் வெளியே வரும், அதன்மேல் பூச்சு முக்கால் அங்குலம். கடைசியில் நிற்கும் இடைவெளி 2 அடி 10¼ அங்குலம். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் விதி மீறியாகிவிட்டது. மையக் கோட்டுக்கு 3 அடி 9 அங்குலம் வைக்கச் சொல்லுங்கள். ¼ அங்குலம் கூடுதலாக நிற்கட்டும்.

காம்பவுண்டுச் சுவர் இருந்தால் அது யாருடையது என்பதையும் பாருங்கள். முழுக்க உங்கள் இடத்தில் கட்டியதானால் அதன் வெளிமுகம் எல்லை. இருவரும் சேர்ந்து நடுவில் கட்டியதானால் அதன் மையம் எல்லை. உள்முகத்திலிருந்து அளந்து இடம் போதவில்லை என்று வருந்துகிறவர்களும் உண்டு.

எல்லைக்கல்லே காணவில்லை. என்ன செய்வது?

இ-சேவை மையத்தில் நில அளவைக்கு மனுக் கொடுத்துக் கட்டணம் செலுத்துங்கள். தாலுகா அலுவலகத்தில் இதை எஃப்-லைன் மனு என்பார்கள். கிரயப் பத்திர நகல், பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றும் வேண்டும். பட்டாவும் புலப்படமும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். மாநகராட்சியின் பழைய பகுதிகளில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும், கிராம நத்தத்தில் நத்தம் வரைபடமும் கேட்பார்கள்.

சர்வேயர் பக்கத்து மனைக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவார். அந்த அறிவிப்பு எல்லாருக்கும் போனதா என்று நீங்களே விசாரியுங்கள். ஒருவருக்குப் போகாவிட்டால் அவர் பிறகு "எனக்குத் தெரியாமல் அளந்தார்கள்" என்பார், செய்த வேலை வீணாகும். அளக்கும் நாளில் இருக்கும் கல், வேலி, பழைய சுவர், கிணறு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி புதரை வெட்டி வையுங்கள். சர்வேயர் உங்கள் மனையை மட்டும் டேப் போட்டு முடிக்கக்கூடாது. அந்தப் புல எண்ணின் (சர்வே எண்) மூலைக்கற்களில் நிச்சயமான இரண்டு மூன்றைப் பிடித்து, அங்கிருந்து வர வேண்டும். தெரு ஓரத்திலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ தொடங்கினால் அந்த அளவு நிற்காது. முடிந்ததும் கல் நட்ட இடத்தைப் படம் எடுத்து, அளவுக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஏற்க முடியாவிட்டால் மேல்நிலை அளவரைக் கொண்டு மறுஅளவு கேட்கலாம்.

இதைச் செய்ய வேண்டிய நேரம் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்பு. சுவர் எழும்பிய பிறகு கல் நட்டால் அது சண்டைக்குத்தான் நாள் குறிக்கும்.

பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் வேறு அளவு. எது செல்லும்?

பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. நீதிமன்றம் முதலில் பார்ப்பது கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களும். பத்திரத்துக்குள்ளேயே நான்கெல்லையும் அளவும் முரண்பட்டால், தெளிவான நான்கெல்லைக்கே பொதுவாக முன்னுரிமை. "வடக்கே இன்னார் வீட்டுச் சுவர்" என்று எழுதியிருந்து, அந்தச் சுவர் இன்றும் நின்றால், அது "தென்வடல் 24 அடி" என்பதைவிடக் கனமான சான்று. அதனால்தான் பழைய சுவரை இடிக்கும் முன் அதைப் படமெடுத்து அளந்து வைக்கச் சொல்கிறோம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். "பொது நடை", "பொது முடுக்கு" (சந்து), "கிணற்றில் பாதி" போன்ற சொற்கள் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

சுயசான்று முறையில் அனுமதி வாங்கினால் செட்பேக் பார்ப்பதில்லையாமே?

அப்படி இல்லை. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டம் 2500 சதுர அடி வரையான மனையில் 3500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் மாடியும் கட்டும் குடியிருப்புகளுக்காக வந்தது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டினால் உடனே அனுமதி கிடைக்கும். முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆனால் விதிப்படி கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். பிறகு மீறல் தெரிந்தால் பொறுப்பும் உங்களுடையதுதான். அதிகாரி பார்க்கும் முறையில் வரைபடத்திலேயே பிழை பிடிபட வாய்ப்பு உண்டு. இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லாததால் அளவை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பழைய வீடுதான். மேலே ஓர் அறையும் வெளியே ஒரு மாடிப்படியும் மட்டும் போட அனுமதி வேண்டுமா?

வேண்டும். சுண்ணாம்பு அடிப்பது, ஓடு மாற்றுவது, பூச்சு வேலை, தரை போடுவது இவற்றுக்கு வேண்டாம். தளப்பரப்பு கூடினாலும், வெளிச்சுவர் நகர்ந்தாலும், தளம் ஏறினாலும் வேண்டும்.

மீறல் அதிகம் நடக்கும் இடமே இந்த மாடிப்படிதான். உள்ளே இடமில்லை என்று பக்க இடைவெளியில் படிக்கட்டு ஏற்றுவார்கள். 3 அடி இடைவெளியில் 2¾ அடிப் படி ஏறிவிட்டால் அந்தப் பக்கம் நடக்கவோ, செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கவோ, சுவரைப் பூசவோ இடமிருக்காது. படியில் நிற்கிறவருக்குப் பக்கத்து வீட்டு அடுப்பங்கரை முழுசும் தெரியும், சண்டை அங்கே தொடங்கும். தகர ஷெட்டும் அப்படித்தான். "கழற்றிவிடலாம்" என்று போட்டு, நான்கு வருடத்தில் சுவர் எழுப்பிக் குளியலறை ஆக்கிவிடுவார்கள்.

இன்னொன்று, பழைய சுவர் மேலே ஒரு தளத்தைத் தாங்குமா? சுண்ணாம்பிலும் மண் சாந்திலும் கட்டிய சுவரின்மேல் காங்கிரீட் தளம் ஏற்றுவது ஆபத்து. அனுமதிக்கு முன் கட்டுமானப் பொறியாளர் அஸ்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்க்கட்டும்.

எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் பொதுச்சுவரோடு இருக்கின்றன. என் பங்கை மட்டும் இடித்துக் கட்டலாமா?

கல்லிடைக்குறிச்சி, பத்தமடை போன்ற ஊர்களின் பழைய தெருக்களிலும், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளை ஒட்டிய முடுக்குகளிலும் இதுதான் முதல் கேள்வி. பொதுச்சுவர் இருவருக்கும் உரியது. அதில் உத்தரம் புதைக்கவோ, அதன்மேல் சுவரை உயர்த்தவோ, உங்கள் பக்கம் செதுக்கி மெல்லிதாக்கவோ மற்றவர் சம்மதம் இல்லாமல் முடியாது.

சரியான வழி, பொதுச்சுவரைத் தொடாமல் விட்டுவிட்டு, உங்கள் பக்கம் தனிச் சுவர் எழுப்புவது. 9 அங்குலம் இடம் போகும், ஆனால் வம்பு போய்விடும். இரண்டு சுவருக்கும் நடுவே 1 அங்குலம் விட்டு, மேலே தகரமோ காங்கிரீட் மூடியோ போட்டு மழைநீர் இறங்காமல் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் இரண்டு வீட்டிலும் ஓதம் ஏறும்.

உங்கள் வீட்டை இடிக்கும்போது, இத்தனை நாள் அதில் சாய்ந்து நின்ற பக்கத்து வீட்டுச் சுவர் தனியே நிற்கும். இடிப்பதற்கு முன்பே அதற்கு முட்டுக் கொடுங்கள். மேலிருந்து கீழாக, கையால் இடியுங்கள். ஜேசிபியை உள்ளே விட்டால் உங்கள் சுவரோடு அடுத்தவர் தார்சாவும் வந்துவிடும். திறந்துபோன அவர் சுவரைப் பூசிக் கொடுப்பது இடித்தவர் கடமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு வக்கீல் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு.

வானம் தோண்டும்போது பக்கத்து வீட்டில் விரிசல் விட்டால்?

பழைய வீட்டு அஸ்திவாரம் 3 அடிக்குள் நின்றிருக்கும். உங்கள் பில்லர் குழி 5 அடி போகும். பக்கத்திலேயே ஆழமாக நீளக்குழி வெட்டினால் அவர் அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மண் உங்கள் குழிக்குள் சரியும். விரிசல் அங்கிருந்துதான் வருகிறது.

எல்லையை ஒட்டிய வரிசையை ஒரே நாளில் தோண்டாதீர்கள். ஒரு குழி விட்டு ஒரு குழியாகத் தோண்டி, அன்றே அடியில் 4 அங்குலம் மட்டக் காங்கிரீட் போட்டு, கம்பி கட்டி, பில்லர் எழுப்பி, மண்ணை நிரப்பிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். எல்லையிலேயே பில்லர் வரும் இடத்தில் அகலமான புட்டிங் (பில்லரின் அகன்ற அடிப்பகுதி) எல்லையைத் தாண்டும். அங்கே ஓரத்தில் பில்லர் நிற்கும்படி புட்டிங்கை உள்பக்கம் போட்டு, உள் பில்லரோடு பீமால் பிணைக்க வேண்டும். இது பொறியாளர் கணக்கு, மேஸ்திரியின் கைப்பழக்கத்தில் விடக்கூடாது.

காலமும் முக்கியம். பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் ஓரத்து மனைகளில் கால்வாயில் தண்ணீர் ஓடும்போது ஊற்று மேலே வரும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன், சித்திரை வைகாசியில் வானம் தோண்டி முடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் எல்லைக் குழியைத் திறந்து வைப்பது அடுத்தவர் வீட்டைப் பணயம் வைப்பதுதான்.

வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து அவர் சுவர்களைப் படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல் ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் புதிதாக நீண்டது, தாண்டாவிட்டால் பழையது. "அண்ணாச்சி, வானம் தோண்டுறதுக்கு முன்னால ஒருக்கா வந்து பாத்துக்கிடுங்க" என்று நீங்களே கூப்பிட்டுக் காட்டினால், பின்னால் வரும் பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

அவர் சன்ஷேடும் மாடித் தண்ணீரும் என் பக்கம் வருகின்றன.

சன்ஷேடு எல்லைக் கோட்டைத் தாண்டக்கூடாது, தரையில் தாண்டாவிட்டாலும் வானில் தாண்டுவதும் ஆக்கிரமிப்புத்தான். தன் இடைவெளிக்குள் 2 அடி சன்ஷேடு போடுவதில் பிழையில்லை. அதன் நுனியிலிருந்து சொட்டும் நீர் காற்றில் எங்கே விழுகிறது என்பதே பிரச்சினை. ஆனி ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் 3 அடி தள்ளிப் பறக்கும். சன்ஷேட்டின் கீழ் விளிம்பில் சொட்டுக்காடி (நீரைச் சொட்ட வைக்கும் சிறு பள்ளக்கோடு) போட்டால் சுவரில் வழிவது நிற்கும், மேல் ஓரத்தில் 2 அங்குலம் உயர்த்திக் கட்டி ஒரு மூலையில் குழாய் வைத்தால் பறப்பதும் நிற்கும்.

மொட்டை மாடித் தண்ணீரை ஒரு சாண் குழாயில் வெளியே துப்ப விடக்கூடாது. சுவரோடு இறக்கி, தன் மனைக்குள் மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதலே கட்டாயம். பேஸ்மட்டத்தை உயர்த்தி மண் நிரப்புகிறவர்கள், அதுவரை தங்கள் மனையில் ஊறிய நீர் இனி பக்கத்து மனைக்கு ஓடும் என்பதையும் கணக்கில் கொண்டு ஓரத்தில் வாறுகால் (வடிகால்) விட வேண்டும்.

ஏசியின் வெளிப்பெட்டியைப் பக்க இடைவெளியில் மாட்டினால் அனல் நேரே எதிர் ஜன்னலுக்குப் போகும். அதை மொட்டை மாடியில் வைப்பது எல்லாருக்கும் நல்லது.

அவர் புதுச் சுவரால் என் ஜன்னல் இருட்டாகிவிடும். தடுக்க முடியுமா?

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு ஜன்னல் வழியே வெளிச்சமும் காற்றும் 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையாக அனுபவித்து வந்திருந்தால் அதைப் பாதுகாக்கக் கேட்கலாம். அப்போதும் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்பது போதாது, அந்த அறையை வழக்கம்போல் பயன்படுத்த முடியாத அளவுக்குக் கணிசமான இடையூறு என்று காட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முன் வைத்த ஜன்னலுக்கு இந்த உரிமை வந்திருக்காது.

ஆனால் அவர் விதிப்படியான 1 மீட்டரை விடாமல் சுவர் எழுப்பினால் அது செட்பேக் மீறல். அதைக் கேட்க 20 வருடம் தேவையில்லை. இந்த இரண்டாவது வழிதான் பெரும்பாலும் வேகமாக நடக்கும். பழைய ஜன்னலுக்குச் சான்றாகப் பழைய வரைபடம், கல்யாணம் காதுகுத்தில் எடுத்த தேதியுள்ள படங்கள் உதவும்.

பொது முடுக்கில் படி கட்டிவிட்டார்.

பத்திரத்தில் நடைபாதை உரிமை எழுதியிருந்தால் அது போதும். எழுதாவிட்டாலும் 20 ஆண்டுப் பயன்பாடு உரிமையாகலாம், ஆனால் பாதை அடைபட்டு இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஊராட்சி அல்லது மாநகராட்சிக்கு உரிய பொதுப்பாதையானால் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி நேரடியாக அங்கேயே மனுக் கொடுங்கள்.

மேலே கட்டும்போது மின்கம்பிக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

வீடுகளுக்கு வரும் சாதாரணக் கம்பிக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர். 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். சன்ஷேடு நுனியிலிருந்து, பால்கனி நுனியிலிருந்து அளக்க வேண்டும், சுவரிலிருந்து அல்ல. சாரம் கட்டும் மூங்கிலும் கம்பியும் தொட்டுத்தான் பெரும்பாலும் உயிர் போகிறது. தளத்துக்குக் கம்பி ஏற்றும் முன் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துக் கம்பியை மாற்றவோ உறை போடவோ செய்யுங்கள்.

பக்கத்தில் மீறிக் கட்டுகிறார், பேசியும் கேட்கவில்லை. படிப்படியாக என்ன செய்ய?

எந்தக் கட்டத்தில் நீங்கள் அசைகிறீர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். பில்லர் நிற்கும்போது தடுத்தால் நஷ்டம் சில ஆயிரம், அவரும் இறங்கி வருவார். தளம் போட்டு, பூசி, பால் காய்ச்சியபின் தடுத்தால் யாருக்கும் இடிக்க மனம் வராது. கண்ணெதிரே கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்று நீதிமன்றத்திலும் உங்கள்மேல் கேள்வி எழும்.

பில்லர் குழியின்போதே, சுவருக்கும் எல்லைக்கும் நடுவே டேப்பை நீட்டி, எண் தெரியும்படி படம் எடுங்கள். அன்றே உள்ளாட்சி ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் நகலோடு மனுக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 57ஆம் பிரிவு வேலையை நிறுத்தச் சொல்ல, 56ஆம் பிரிவு அகற்றச் சொல்ல. இந்த இரண்டையும் மனுவில் குறிப்பிடுங்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம், அது எண் இட்டு உரிய துறைக்குப் போகும்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அவர் வரைபட அனுமதியின் நகலையும், உங்கள் மனுமேல் எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடத்தில் 1 மீட்டர் என்று எழுதிவிட்டு நிலத்தில் 1 அடி விட்டிருந்தால் அதைவிட வலுவான சான்று வேறில்லை.

உங்கள் நிலத்துக்குள் வந்திருந்தால் காத்திராமல் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட வேண்டும். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் என உங்கள் எல்லைக்குரிய நீதிமன்றத்தில். அதோடு வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயரோடு வந்து அளக்கச் சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள். அந்த ஆணையரின் அறிக்கையும் வரைபடமும்தான் பல வழக்குகளில் முடிவைத் தருகின்றன. மனுக் கொடுத்தும் உள்ளாட்சி அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கும்படி ரிட் மனுத் தாக்கல் செய்யலாம்.

போலீஸில் புகார் கொடுத்தால் நிறுத்திவிடுவார்களா?

எல்லை எது என்று முடிவு செய்யும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. அடிதடி, மிரட்டல், இருக்கும் எல்லைக்கல்லைப் பிடுங்குவது என்றால் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவர்களே இரு தரப்பையும் உட்கார வைத்து எழுதி வாங்கும் காகிதம் நிலத்தின் உரிமையை மாற்றாது. மிரட்டலுக்குப் பயந்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எனக்கே நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்ய?

கிடைத்த தேதியை எழுதி வைத்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள். 56ஆம் பிரிவு நோட்டீஸில் குறைந்தது ஒரு மாத அவகாசம் இருக்க வேண்டும். வாங்க மறுத்தால் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் ஓடத் தொடங்கிவிடும். தனியார் கட்டடத்தை இடிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் தந்து விளக்கம் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. தெரு, பொது இடம் போன்றவற்றின்மேல் உள்ள ஆக்கிரமிப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வேலையை உடனே நிறுத்துங்கள். நோட்டீஸுக்குப் பிறகு போட்ட ஒவ்வொரு செங்கலும் உங்களுக்கு எதிரான சாட்சி. பொறியாளரைக் கொண்டு உள்ளபடி அளந்து வரைபடம் போடுங்கள். சரிசெய்யக்கூடிய பகுதி எது என்று பாருங்கள்: படிக்கட்டை மாற்றுவதா, சன்ஷேட்டை வெட்டுவதா, ஓர் அறையைக் குறைப்பதா? திருத்திய வரைபடத்தோடும் திருத்தி முடிக்கும் தேதியோடும் எழுத்தில் பதில் கொடுங்கள். சீல் வைத்தால் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் முறையிடலாம், ஆனால் அதை நம்பி வேலையைத் தொடரக்கூடாது. கட்டி முடித்து வெகு நாளாகிவிட்டது என்பதாலேயே மீறல் முறையாகிவிடாது என்றும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள்மேல் யாராவது அவசரத் தடையுத்தரவு வாங்கக்கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே கேவியட் மனுப் போடுங்கள். 90 நாள் நிற்கும், உங்களைக் கேட்காமல் உத்தரவு போட மாட்டார்கள்.

பக்கத்து வீட்டார் "ஒட்டிக் கட்டிக்கொள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போதாதா?

போதாது. செட்பேக் பக்கத்து வீட்டாருக்காக மட்டும் வைத்ததில்லை. தீயணைப்பு, காற்று, கழிவுக்குழாய், பராமரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த விதி அது, இருவர் சேர்ந்து தள்ளுபடி செய்ய முடியாது. அந்த வீடு நாளை விற்பனையானால் புதிதாக வருகிறவர் அந்தக் காகிதத்தை மதிக்க வேண்டியதும் இல்லை.

சமரசமாகப் போகிறோம். எப்படி எழுதிக்கொள்வது?

முதலில் வழி. வழக்கு நடக்கும்போதும், வழக்குக்கு முன்பும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசலாம். அங்கே ஆகும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, நடந்துகொண்டிருந்த வழக்கின் நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம்.

பிறகு எழுத்து. "இருவரும் சம்மதம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அளவுள்ள வரைபடம் ஒன்று இணையுங்கள்: எல்லைக்கல் எந்தப் புல எண்ணில், எந்த மூலையிலிருந்து எத்தனை மீட்டர், சுவர் யாருடையது, பூச எந்தப் பக்கம் எத்தனை நாள் இறங்கலாம், தண்ணீர் எந்தக் குழாயில் எந்த வாறுகாலுக்குப் போகும், அகற்ற வேண்டிய சன்ஷேடோ படியோ எந்தத் தேதிக்குள். ஒரு சாண் அகலத் துண்டு நிலமானாலும் கைமாறினால் பதிவு செய்த பத்திரமாகவே எழுத வேண்டும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமை பதிவில்லாத காகிதத்தால் மாறாது. பதிவு முடிந்ததும் பட்டாவில் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, புலப்படத்திலும் அந்தக் கோட்டை ஏற்றிவிடுங்கள். கையெழுத்தில் இரு வீட்டுப் பெண்களும், பாகம் உள்ள அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் அனைவரும் இருக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனால் ஐந்து வருடம் கழித்து அவரே அதே எல்லையை மறுபடி கேட்டு வருவார்.